கோபால்ட்டா, பிளாட்டினமா, எவர்சில்வரா? ஸ்டென்ட் பற்றிய கேள்விகளுக்கு இதய மருத்துவரின் பதில்கள்

அப்பாவுக்கு 62 வயது. ஆஞ்சியோவில் ஒரு குழாயில் 80 சதவீத அடைப்பு. ஒரு மருத்துவமனையில் கோபால்ட் குரோமியம் ஸ்டென்ட் வைக்கலாம் என்கிறார்கள். இன்னொரு இடத்தில் பிளாட்டினம் குரோமியம்தான் உயர்ந்தது என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

அடைத்த ரத்தக் குழாயைப் பலூனால் விரித்து, அது மறுபடி சுருங்காமல் தாங்க உள்ளே வைக்கும் மெல்லிய கம்பி வலைக் குழாய்தான் ஸ்டென்ட். நீங்கள் சொன்ன இரண்டுமே நல்ல ஸ்டென்ட்கள்தான். உலோகத்தை வைத்து மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்த வாரம் வந்த பாதிக் கடிதங்களுக்கு இதிலேயே பதில் இருக்கிறது.

1986-ல் பிரான்சின் துலூஸ் நகரில் ழாக் புயெலும், சுவிட்சர்லாந்தின் லோசானில் உல்ரிச் சிக்வார்ட்டும் முதன்முதலாக மனித இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். அதன்பின் பல ஆண்டுகளுக்கு 316 எல் என்ற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் இந்தத் துறையை ஆண்டது. அதில் ஒரு சிக்கல். பலூன் விரித்த குழாய் மறுபடி சுருங்காமல் தாங்க வேண்டும் என்றால் ஸ்டீல் கம்பி ஓரளவு தடிமனாக இருந்தாக வேண்டும். குழாய் மறுபடி சுருங்காமலிருக்க மருந்து பூசிய முதல் தலைமுறை ஸ்டென்ட்டான சைஃபரில் கம்பியின் தடிமன் சுமார் 140 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). கோபால்ட் குரோமியம் அதைவிட விறைப்பான கலவை. அதனால் ஏறக்குறைய 80 மைக்ரானிலேயே அதே தாங்கும் பலம் கிடைத்துவிட்டது.

கம்பி தடித்தால் என்ன கெடுதல்? குழாயின் சுவரில் காயம் கூடும். கம்பியைச் சுற்றி ரத்த ஓட்டம் தடுமாறும். உள்சவ்வு அதன்மேல் வளர்ந்து மூடவும் நாளாகும். 2001-ல் வெளியான ஐசார் ஸ்டீரியோ என்ற ஆய்வில் இரண்டு ஸ்டென்ட்களும் ஸ்டீல்தான், வடிவமும் ஏறத்தாழ ஒன்றுதான். ஒன்றின் கம்பி 50 மைக்ரான், மற்றதன் கம்பி 140 மைக்ரான். தடித்த கம்பி வைத்தவர்களில் 25.8 சதவீதம் பேருக்குக் குழாய் மறுபடி சுருங்கியது. மெல்லிய கம்பியில் அது 15 சதவீதம்தான்.

இப்போது உங்கள் கேள்விக்கே வருகிறேன். 2011-ல் வந்த பிளாட்டினம் என்ற ஆய்வில் 1,530 பேர். ஒரு பிரிவினருக்குக் கோபால்ட் குரோமியம், இன்னொரு பிரிவினருக்குப் பிளாட்டினம் குரோமியம். இரண்டிலும் மருந்து எவரோலிமஸ்தான், தடிமனும் அதேதான். ஓராண்டில் ஸ்டென்ட் வைத்த இடத்தில் பிரச்சினை வந்தவர்கள் முதல் பிரிவில் 2.9 சதவீதம், இரண்டாவதில் 3.4 சதவீதம். வித்தியாசம் என்று சொல்லவே ஒன்றுமில்லை. உலோகம் ஒன்றாக இருந்து தடிமன் மாறியபோது பலன் மாறியது. தடிமன் ஒன்றாக இருந்து உலோகம் மாறியபோது பலன் மாறவில்லை. இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பிளாட்டினத்துக்கென்று ஒரு நிஜமான நன்மை உண்டு. எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும். குழாய் பிறக்கும் வாயிலிலேயே ஸ்டென்ட் வைக்கும்போது அது பெரிய உதவி. ஆனால் அந்த வகையின் ஆரம்ப வடிவத்தில் வளையங்களை இணைக்கும் பாலங்கள் குறைவு. உள்ளே இன்னொரு கருவி இடித்தால் ஸ்டென்ட் நீளவாக்கில் நசுங்குவதாகப் புகார்கள் வந்தன. பிறகு நுனியில் கூடுதல் பாலங்கள் வைத்துச் சரிசெய்தார்கள். அதுகூட உலோகத்தின் குற்றமில்லை, வடிவத்தின் குற்றம்.

டாக்டரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். ஒன்று: "அப்பாவுக்கு இப்போது ஸ்டென்ட் அவசியம்தானா, மாத்திரையில் சமாளிக்க முடியுமா?" நெஞ்சு வலி இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. மாரடைப்பு இல்லாமல், நிலையாக இருக்கும் பலருக்கு ஸ்டென்ட் வலியைக் குறைக்கும், ஆயுளைக் கூட்டாது. இரண்டு: "ஸ்டென்ட் முழுதாக விரிந்ததா என்று ஐவஸ் அல்லது ஓசிடி கருவியால் குழாய்க்குள் பார்ப்பீர்களா?" சரியாக விரியாத பிளாட்டினத்தைவிடச் சரியாக விரிந்த கோபால்ட் எவ்வளவோ மேல்.

எனக்கு 2004-ல் வைத்தது ஸ்டீல் ஸ்டென்ட். எவர்சில்வர் பாத்திரமே ஊறுகாய் வைத்தால் புள்ளி புள்ளியாக அரிக்கிறதே, ரத்தத்தில் துருப்பிடிக்காதா? எடுத்துவிட்டுப் புதிது வைக்கலாமா?

நல்ல கேள்வி. ரத்தமும் உப்புள்ள திரவம்தான். அதனால்தான் 316 எல் ஸ்டீலில் மாலிப்டினம் சேர்க்கிறார்கள். உப்பினால் வரும் அந்தப் புள்ளி அரிப்பைத் தடுப்பது அதுதான். அதோடு, ஸ்டீலில் உள்ள குரோமியம் மேலே ஒரு மெல்லிய ஆக்சைடு படலமாகப் படிந்து காக்கிறது. எல்லாவற்றுக்கும் மேல், உங்கள் ஸ்டென்ட் இப்போது ரத்தத்தைத் தொட்டுக்கொண்டே இல்லை. சில மாதங்களிலேயே குழாயின் உள்சவ்வு அதை மூடித் தன் சுவருக்குள் சேர்த்துக்கொண்டிருக்கும். பல்லுக்குப் போட்ட கிளிப் மாதிரி கழற்றவும் முடியாது, கழற்றத் தேவையும் இல்லை. 20 வருடம் கடந்து நன்றாக இருக்கிறீர்கள் என்றால் அதைத் தொடாமல் விடுவதே சரி.

கவரிங் கம்மல் போட்டாலே எனக்குக் காது புண்ணாகிவிடும். ஸ்டென்ட் ஒத்துக்கொள்ளுமா?

கவரிங் நகையில் பெரும்பாலும் நிக்கல்தான் காரணம். உங்கள் பயம் அர்த்தமில்லாததல்ல. ஸ்டீல், கோபால்ட் குரோமியம், பிளாட்டினம் குரோமியம் மூன்றிலும் நிக்கல் இருக்கிறது. எல் 605 என்ற கோபால்ட் கலவையிலும் பிளாட்டினம் குரோமியத்திலும் சுமார் 10 சதவீதம். எம்பி 35 என் என்ற இன்னொரு கோபால்ட் கலவையில் 35 சதவீதம்.

2000-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வு, தோல் பரிசோதனையில் உலோக ஒவ்வாமை தெரிந்தவர்களுக்குக் குழாய் மறுபடி சுருங்குவது அதிகம் என்றது. அப்போது மருந்து பூசாத ஸ்டீல் ஸ்டென்ட்கள்தான். பிறகு வந்த பல ஆய்வுகளில் அந்தத் தொடர்பு உறுதியாகவில்லை. தோல் காட்டும் கோபத்தைக் குழாயும் காட்டும் என்று சொல்ல முடியாது. ஆகவே மாரடைப்பு நேரத்தில் இந்தக் காரணத்துக்காக ஸ்டென்ட்டை மறுக்கவே மறுக்காதீர்கள். திட்டமிட்டு வைப்பதாக இருந்தால் டாக்டரிடம் முன்பே சொல்லுங்கள்.

தங்கத்தில் ஸ்டென்ட் செய்தால் ஒவ்வாமையே வராதே?

நம் ஊரில் இந்தக் கேள்வி வராவிட்டால்தான் ஆச்சரியம். செய்து பார்த்திருக்கிறார்கள். ஸ்டீல் மேல் தங்க முலாம் பூசி, எக்ஸ்ரேயிலும் நன்றாகத் தெரியும், உடம்பும் ஏற்கும் என்று நம்பினார்கள். நடந்தது நேர்மாறு. ஜெர்மனியில் நடந்து 2000-ல் வெளியான ஆய்வில், முலாம் பூசியதில் 49.7 சதவீதம் பேருக்கு மறுசுருக்கம், வெறும் ஸ்டீலில் 38.1 சதவீதம். அத்தோடு தங்க ஸ்டென்ட் கைவிடப்பட்டது.

பிளாட்டினம் என்பதால் கூடுதல் விலை கேட்பார்களா?

ஸ்டென்ட்டுக்குக் கேட்கக் கூடாது. இந்தியாவில் 2017 பிப்ரவரியில் ஸ்டென்ட்டுக்கு உச்ச விலை வந்தது. அதுவரை மருந்து பூசியது லட்சத்துக்கு மேல் போனது, அது 29,600 ரூபாயாக இறங்கியது. மருந்து பூசாததற்கு 7,260 ரூபாய். இவை வரி சேர்க்காத விலை, பிறகு அவ்வப்போது திருத்தப்படுகிறது. முக்கியமானது என்னவென்றால், மருந்து பூசிய ஸ்டென்ட் எந்த உலோகமானாலும் உச்ச விலை ஒன்றுதான். பில்லில் ஸ்டென்ட்டின் பெயரும் விலையும் தனியாக இருக்க வேண்டும். பார்த்து வாங்குங்கள்.

எம்ஆர்ஐ எடுக்கலாமா? விமான நிலையத்தில் அலாரம் அடிக்குமா?

எடுக்கலாம். இன்றைய ஸ்டென்ட்கள் காந்தத்தால் இழுக்கப்படாதவை. பிளாட்டினம் குரோமியத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரும்புதான் என்றாலும் கலவையாகும்போது காந்தத்தன்மை இருப்பதில்லை. ஆறு வாரம் காத்திருக்கச் சொல்வது பழைய வழக்கம். ஸ்டென்ட் அட்டையைக் கையோடு கொண்டுபோய் ஸ்கேன் எடுப்பவரிடம் காட்டுங்கள். அலாரம் அடிக்காது.

கரைந்துபோகும் ஸ்டென்ட் இருக்கும்போது எதற்கு உலோகம்?

எனக்கும் அந்த ஆசை இருந்தது. அப்சார்ப் என்ற, பாலிமரால் ஆன ஸ்டென்ட் 2016-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, அடுத்த ஆண்டே விற்பனை நின்றது. பிளாஸ்டிக்குக்கு உலோகத்தின் பலம் இல்லாததால் கம்பி 150 மைக்ரான் அளவுக்குத் தடித்தது. உள்ளே ரத்தம் உறைவதும் கூடியது. முதல் பதிலில் சொன்ன அதே தடிமன் கதைதான். மெக்னீசியத்தில் செய்தது ஓராண்டு வாக்கில் கரைகிறது. யோசனை உயிரோடுதான் இருக்கிறது. ஆனால் இன்று என் வீட்டில் ஒருவருக்கு வைப்பதென்றால் மருந்து பூசிய மெல்லிய உலோக ஸ்டென்ட்டைத்தான் கேட்பேன்.

மூன்று மாதத்துக்கு முன் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். "உயர்தர உலோகம், பயமில்லை" என்றார்கள். இப்போது பல் பிடுங்க வேண்டும். ரத்த மாத்திரை இரண்டையும் ஒரு வாரம் நிறுத்தச் சொல்கிறார் பல் டாக்டர். நிறுத்தலாமா?

நிறுத்தாதீர்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் இந்த மாத்திரைகளுக்கு எந்த உலோகமும் ஈடாகாது. மாரடைப்புக்குப் பின் வைத்த ஸ்டென்ட்டுக்கு ஆஸ்பிரினும் அதோடு சேர்த்துத் தரும் இன்னொரு மாத்திரையும் வழக்கமாக 12 மாதம் வேண்டும். ரத்தக்கசிவு அபாயம் அதிகம் உள்ளவர்களுக்குக் குறைப்போம், ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் இதய மருத்துவர். சவ்வு மூடாத ஸ்டென்ட்டில் இரண்டு மாத்திரையையும் ஒரே நேரத்தில் நிறுத்தினால் திடீரென்று ரத்தம் உறைந்து மறுபடி மாரடைப்பு வரலாம், உயிரே போகலாம். ஒரு பல் பிடுங்குவதை மாத்திரையோடே செய்யலாம். பஞ்சை அழுத்திக் கடித்துக்கொண்டிருந்தால் ரத்தம் நின்றுவிடும், தேவைப்பட்டால் ஒரு தையல். பல் டாக்டரை இன்றே உங்கள் இதய மருத்துவரிடம் போனில் பேசச் சொல்லுங்கள். அதுவரை இன்றைய மாத்திரையைப் போட்டுவிடுங்கள்.