தண்ணீர் ரொக்கெட் ஏன் காற்று வரும் பக்கமே சாய்கிறது?

திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையில், தண்ணீரும் அழுத்திய காற்றும் அடைத்த போத்தல் ரொக்கெட் விட்டவர்கள் கவனித்திருப்பீர்கள், கச்சான் காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசும், ஆனால் ரொக்கெட் கடலுக்குப் போகாமல் ஊர்ப்பக்கம் சாய்ந்து ஏறும். மூக்கு இப்படிக் காற்றை நோக்கித் திரும்புவதைக் காற்றெதிர்த் திரும்பல் எனலாம்.

காரணம் வால் செட்டைகள்தான். பறக்கும் பொருள் தன் எடை சமப்படும் புள்ளியைச் சுற்றித் திரும்பும். செட்டைகள் அதற்குப் பின்னால் இருப்பதால் பக்கக்காற்று வாலையே அதிகம் தள்ளுகிறது, வால் காற்றோடு போக மூக்கு எதிர்ப்பக்கம் திரும்பிவிடும். அணியத்தில், அதாவது முன்முனையில், நங்கூரம் போட்ட வள்ளம் காற்றுக்கு முகம் காட்டி நிற்குமே, அதே கதை.

மெதுவாகக் கிளம்பும் ரொக்கெட்தான் அதிகம் சாயும். அதனால் நான் முதலில் பார்ப்பது ஏவுதளத்தை விட்டு வெளியேறும் வேகத்தை: தண்ணீர் போத்தலின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால் பாரத்தில் தவண்டுதான் எழும்பும். உச்சியில் பரசூட் விரிந்ததும் காற்றோடு திரும்பி வரும், அதை வைத்துப் பறப்பை மதிப்பிடாதீர்கள்.

செட்டையைப் பெரிதாக்கினால் நேராகப் போகும் என்று பலர் நினைக்கிறார்கள். காற்றுள்ள நாளில் பெரிய செட்டை இன்னும் கூடுதலாகச் சாய்க்கும்.