மகளுக்கு ஸ்மியர் பார்க்க வருகிறதா என்று முதலில் பாருங்கள்

அம்மா, பி.எஸ்சி. எம்.எல்.டி. (மருத்துவ ஆய்வகப் படிப்பு) கடைசி வருடம் படிக்கும் மகளை நினைத்து, "எல்லாவற்றையும் மெஷினே பார்த்துவிடுகிறதே, இவளுக்கு வேலை இருக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ரத்த ஸ்மியர், அதாவது கண்ணாடி ஸ்லைடில் மெல்லியதாகத் தேய்த்த ரத்தத் துளியை, மைக்ரோஸ்கோப்பில் ஒழுங்காகப் பார்க்கத் தெரிந்தால் இருக்கும். மெஷின் எண்ணிச் சொல்லும், சந்தேகம் இருந்தால் எச்சரிக்கும், அவ்வளவுதான். டெங்கு காலத்தில் ஒருவருக்கு பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் தட்டணு) மிகக் குறைவாக 40,000 என்று காட்டுகிறது என்று வையுங்கள். சிலருடைய ரத்தத்தில் ரத்தம் உறையாமல் இருக்க ஈ.டி.டி.ஏ. என்ற மருந்து போட்ட டியூபுக்குள் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அந்தத் திரளை மெஷின் பிளேட்லெட்டாகவே எண்ணாது. ஸ்மியரின் வால் பகுதியை (தேய்த்த ரத்தம் மெலிந்து முடியும் ஓரத்தை)ப் பார்த்தவர் அதைக் கண்டுபிடித்து வேறு மருந்து போட்ட சிட்ரேட் டியூபில் மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்வார். பார்க்காதவர் அப்படியே ரிப்போர்ட் கொடுத்து ஒரு குடும்பத்தையே கலங்கடித்துவிடுவார்.

இந்தத் திறமை மார்க் ஷீட்டில் தெரியாது. ஒரே ஸ்லைடில் இன்று 100 வெள்ளணுக்களை வகைவாரியாக எண்ணி எழுதி வைக்கச் சொல்லுங்கள், ஒரு வாரம் கழித்து பழைய கணக்கைப் பார்க்காமல் திரும்ப எண்ணட்டும். கொஞ்சம் வித்தியாசம் வந்தால் பயப்பட வேண்டாம்: 100 செல்லில் ஈசினோஃபில் என்ற வெள்ளணு வகை 5 வந்தால் உண்மை அளவு சுமார் 2 முதல் 11 சதவீதம் வரை எங்கேயும் இருக்கலாம், 200 எண்ணினால் இந்த இடைவெளி குறையும். ஆனால் ரத்தப் புற்றுநோயைக் காட்டக்கூடிய முதிராத பிளாஸ்ட் செல்லைத் தவறவிடுவதும், டெங்குவில் வரும் உருமாறிய லிம்போசைட் என்ற வெள்ளணுவை பிளாஸ்ட் என்று எழுதுவதும் வேறு விஷயம், அதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. விடை தெரிந்த பழைய ஸ்லைடுகளின் லேபிளை மறைத்து அவளிடம் கொடுக்க யாராவது வேண்டும், அப்புறம் தவறியவற்றை பேத்தாலஜிஸ்ட் பக்கத்தில் உட்கார்ந்து திரும்பப் பார்க்க வேண்டும். இந்த இரண்டாவது பார்வையில்தான் கண் பழகுகிறது, பல இடங்களில் நேரமில்லை என்று விட்டுவிடுவதும் இதைத்தான்.

மலேரியா ஸ்லைடில் உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவுகோல் தெளிவானது. மிக உயர்ந்த நிலைக்கு, கிருமி இருக்கிறதா என்பதில் 90 சதவீதம், எந்த வகை என்பதில் 90 சதவீதம் சரியாக இருக்க வேண்டும். எண்ணிக்கையில் பாதி ஸ்லைடுகளாவது உண்மை அளவிலிருந்து 25 சதவீதத்துக்குள் வர வேண்டும். கல்லூரியில் பெரும்பாலும் கிருமி நிறைய இருக்கும் ஸ்லைடைத்தான் காட்டுவார்கள். கிருமி குறைவாக உள்ளதும், கிருமியே இல்லாததும் கலந்து பழகினால்தான், சிவப்பணு மேல் உட்கார்ந்திருக்கும் பிளேட்லெட்டை வளைய வடிவக் கிருமி என்று ஏமாறாமல் இருப்பாள்.

சரி, இன்டர்ன்ஷிப்புக்கு எந்த லேபில் சேர்ப்பது? லேபின் பெயரையும் ஏசி அறையையும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். டெல்லி எய்ம்ஸ் நடத்துவது போன்ற வெளித்தர மதிப்பீட்டுத் திட்டத்தில் (வெளியிலிருந்து ஸ்லைடு அனுப்பி லேபின் தரத்தைச் சோதிப்பது) அந்த லேப் சேர்ந்திருக்கிறதா, அந்தத் திட்டத்திலிருந்து வரும் ஸ்லைடை சீனியர் மட்டும் பார்த்து அனுப்பிவிடுகிறாரா, புதிதாக வந்தவர்களும் தனித்தனியே பார்த்து எழுதுகிறார்களா என்று அவளையே நேரில் கேட்கச் சொல்லுங்கள். எல்லோரும் பார்க்கும் லேப் என்றால் உதவித்தொகை குறைவாக இருந்தாலும் அங்கேயே சேருங்கள்.