கவுன்சலரைப் பார்த்தால் எச்.ஓ.டி.க்குத் தெரிந்துவிடுமா?

கேள்வி: கோவைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அரசுப் பள்ளி, தமிழ் வழி, 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்தவள். விடுதியில் தங்கியிருக்கிறேன். மூன்று அரியர் இருக்கிறது. ஆறு வாரமாக இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் தூக்கமே இல்லை. சில நாள் காலையில் எழாமலே போய்விட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது. கிளாஸ் அட்வைசர் மேடம் ‘கவுன்சலரைப் போய்ப் பார்’ என்கிறார். போனால் துறைத் தலைவர் எச்.ஓ.டி.க்குப் போகும், அவர் அப்பாவுக்கு ஃபோன் செய்வார். அப்பாவுக்குத் தெரிந்தால் படிப்பை நிறுத்தி மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுவார். பிளேஸ்மென்ட்டில் பிரச்சினை வருமா? கல்லூரிக்கு வெளியே யாரையாவது பார்க்கலாமா? — பெயர் வேண்டாம்

பதில்: எச்.ஓ.டி., அப்பா, பிளேஸ்மென்ட் எல்லாவற்றுக்கும் வருகிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் நான் முதலில் நின்றது, கேள்விக்குறி இல்லாத ஒரு வரியில். ‘காலையில் எழாமலே போய்விட்டால் நன்றாக இருக்கும்.’ இரண்டு புகார்களுக்கு நடுவே அதைச் சொருகிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். பல வருடமாகக் கல்லூரி மாணவர்களோடு உட்கார்ந்து பேசுகிறவள் நான். முக்கியமான வரி பெரும்பாலும் இப்படித்தான் வரும்.

எனவே நேராகவே கேட்கிறேன். அந்த எண்ணம் எழாமல் போனால் தேவலை என்பதோடு நிற்கிறதா, எப்படி, எப்போது என்று யோசிக்கும் இடத்துக்குப் போகிறதா? இரண்டாவது என்றால் அப்பாயின்ட்மென்ட், எச்.ஓ.டி. கவலை எல்லாம் அப்புறம். இன்று இரவே அறைத் தோழியிடம் சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள், 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணை அழையுங்கள். தாங்க முடியவில்லை என்றால் வார்டனை எழுப்பி ஜி.எச். அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். நடுராத்திரியில் வார்டனை எழுப்புவது குற்றமில்லை. முதல் வகை என்றாலும் இந்த வாரத்தைத் தாண்ட விடாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் மனம் கனத்துக் கிடந்தாலோ, தூக்கம் கெட்டாலோ யாரையாவது பார்க்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் பொதுக் கணக்கு. நீங்கள் ஆறில் இருக்கிறீர்கள்.

சரி, எச்.ஓ.டி. விஷயம். உங்கள் பயம் அசட்டுப் பயம் இல்லை. நம் ஊரில் கவுன்சலிங் என்ற சொல்லே கெட்டுப்போய் இருக்கிறது. சேரும்போது கவுன்சலிங் என்றால் கட்-ஆஃபும் சாய்ஸ் ஃபில்லிங்கும். சேர்ந்த பிறகு, ‘பையனுக்குக் கவுன்சலிங் கொடுத்து அனுப்பினோம்’ என்றால் பெற்றோரை வரவழைத்து, திட்டி, கையெழுத்து வாங்கினோம் என்று அர்த்தம். சில கல்லூரிகளில் ‘மாணவர் ஆலோசகர்’ பலகைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் இயற்பியல் பேராசிரியர். நல்ல மனுஷராகவே இருப்பார். ஆனால் அடுத்த செமஸ்டர் உங்களுக்கு இன்டர்னல் மார்க் போடுகிறவரும் அவராக இருக்கலாம். அவரிடம் படிப்பைப் பற்றிப் பேசலாம், இதைப் பேச வேண்டாம்.

100 மாணவர்களுக்குக் குறையாமல் இருக்கும் கல்வி நிறுவனங்கள் தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது வைத்திருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் ‘நீங்கள் என்ன படித்திருக்கிறீர்கள்?’ என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. உளவியலில் முதுகலையா, சமூகப் பணி முதுகலையான எம்.எஸ்.டபிள்யூ.வா, மருத்துவ உளவியல் படித்து இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவரா, பாடம் எடுக்கிறாரா இல்லையா என்று கேளுங்கள்.

ரகசியம் பற்றிச் சட்டம் சொல்வது இது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 23-ஆம் பிரிவுப்படி, உங்களுக்குச் சிகிச்சை தருகிறவர்கள் உங்கள் மனநல விவரங்களை ரகசியமாக வைக்க வேண்டும். சில விதிவிலக்குகள் உண்டு: உங்கள் உயிருக்கு ஆபத்து, இன்னொருவருக்குத் தீங்கு வரும் நிலை, நீதிமன்ற உத்தரவு போன்றவை. மனநல மருத்துவரிடமும் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரிடமும் இந்தச் சட்டத்தைச் சொல்லி உரிமையோடு பேசலாம். கல்லூரிக் கவுன்சலர் விஷயத்தில் அவருடைய தொழில் நெறியும் கல்லூரி அவருக்குப் போட்டிருக்கும் விதியும்தான் நடைமுறையில் உங்களைக் காக்கிறது. இதைப் பூசி மெழுக விரும்பவில்லை. எனவே வாயைத் திறக்கும் முன் இதைக் கேட்டுவிடுங்கள்: ‘நான் சொல்வதை யாரிடம் சொல்வீர்கள்? எப்போது சொல்வீர்கள்? சொல்லும் முன் என்னிடம் சொல்வீர்களா?’

நல்ல கவுன்சலர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார். ‘உன் உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மட்டும் ஒருவரிடம் சொல்வேன், யாரிடம் என்று உன்னையும் வைத்துக்கொண்டே முடிவு செய்வேன்’ என்பதுபோல ஒரு பதில் வரும். ‘அதெல்லாம் யாருக்கும் தெரியாதும்மா’ என்று மொட்டையாகச் சொன்னால் எனக்கு நம்பிக்கை வராது. ‘மாதா மாதம் ரிப்போர்ட் கொடுக்கணும்’ என்று பதில் வந்தால், அதில் பெயர் போகுமா, எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கு மட்டும் போகுமா என்று கேளுங்கள். கணக்குப் போவதில் தவறில்லை. பெயர் போகும் என்றால் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடலாம். இது பதினெட்டு வயது நிரம்பியவர்களுக்கு. முதலாண்டில் பதினேழில் சேருகிறவர்கள் விஷயத்தில் பெற்றோருக்குச் சட்டப்படி இடம் கூடுதல்.

ரகசியம் வாயால் மட்டும் போவதில்லை. நான் முன்பு வேலை பார்த்த ஒரு கல்லூரியில் எனக்குத் தந்த அறை, தேர்வுப் பிரிவுக்கும் துறைத் தலைவர் அறைக்கும் நடுவில் இருந்தது. கண்ணாடிக் கதவு. ஃபீஸ் கட்ட நிற்கிற வரிசை முழுக்க உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்கும். ஒரு நாள் அலுவலக உதவியாளர் வராந்தாவில் நின்று, ‘கவுன்சலிங்குக்கு வந்த பொண்ணு யாரும்மா?’ என்று சத்தமாகக் கேட்டார். பாவம், உதவி செய்வதாகத்தான் நினைத்தார். கையில் ஹால் டிக்கெட்டோடு வரிசையில் நின்ற ஒரு பெண், ஃபீஸ் கட்ட வந்தவள்போல அப்படியே முன்னால் நகர்ந்து போய்விட்டாள். திரும்ப வரவில்லை. அதற்கப்புறம் சண்டை போட்டு நூலகத்துக்குப் பின்னால் ஒரு அறை வாங்கினேன். உங்கள் கல்லூரியில் அறை அப்படி இருந்தால், வகுப்பு நேரம் முடிந்தபின் வரலாமா, ஃபோனில் பேசலாமா என்று கேளுங்கள். தருவார்கள்.

உள்ளே போனால் என்ன நடக்கும்? பெரும்பாலும் முக்கால் மணி நேரம். முதலில் ஒரு படிவம் வரும். துறை, பதிவு எண், அப்பா ஃபோன் நம்பர் எல்லாம் கேட்டிருக்கும். அப்பா நம்பருக்குப் பதில் அவசரத்துக்கு நீங்கள் நம்பும் ஒருவரின் நம்பரைத் தரலாமா என்று கேட்கலாம். அப்புறம் ஒன்பது கேள்வி உள்ள ஒரு தாளைத் தரக்கூடும். பி.எச்.கியூ.-9 என்பார்கள், தமிழிலும் உண்டு. கடந்த இரண்டு வாரத்தில் தூக்கம், பசி, கவனம், சோர்வு எப்படி என்று ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை குறிக்க வேண்டும். ஒன்பதாவது கேள்வி, உங்கள் கடிதத்தின் நடுவில் இருக்கும் அதே வரி. அங்கே வந்ததும் பேனா நிற்கும். பூஜ்யத்தை வட்டமிட்டு, அடித்துவிட்டு, மறுபடி பூஜ்யத்தையே வட்டமிட்ட தாள்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எண்ணைவிட அந்த அடித்தல்தான் எனக்கு விஷயத்தைச் சொல்லும். நீங்கள் உள்ளபடியே குறியுங்கள்.

கவுன்சலர் மாத்திரை எழுத மாட்டார், எழுதவும் கூடாது. தேவைப்பட்டால் மருத்துவரிடம் அனுப்புவார். ஆறு வாரத் தூக்கமின்மைக்கு நானாக இருந்தால் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்துவிடச் சொல்வேன். விடுதியில் காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு ஓடுகிற பெண்களுக்கு ரத்தசோகை சர்வ சாதாரணம். சோர்வு அங்கிருந்தும் வரலாம்.

இனி வெளியே. 14416, டெலி மானஸ். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கியது, தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் நடக்கிறது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். கல்லூரிக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. முதலில் பேசுகிறவர் ஆலோசகர், தேவைப்பட்டால் மருத்துவரோடு இணைப்பார்கள். உங்களுக்கு விழிப்பு வருகிற இரவு இரண்டு மணிக்கும் எடுப்பார்கள் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்தது. சென்னையில் 1986 முதல் இயங்கும் ‘சினேகா’ தற்கொலைத் தடுப்பு அமைப்பும் இருக்கிறது. எண் 044-24640050.

நேரில் பார்க்க வேண்டுமென்றால் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு. காலையில் போய் ஓ.பி. சீட்டு எடுக்க வேண்டும். பணம் கிடையாது. அரசின் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை, ஆக செலவு ஒரு டீ. கூட்டம் இருக்கும், மருத்துவர் உங்களோடு பேசும் நேரம் குறைவாக இருக்கும், அதற்குத் தயாராகப் போங்கள். மாத்திரை தந்தால் பலன் தெரிய இரண்டு மூன்று வாரமாவது ஆகும். நான்காம் நாளே ‘ஒன்றும் ஆகலை’ என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

பிளேஸ்மென்ட்டுக்கு வருகிற கம்பெனி சி.ஜி.பி.ஏ. கேட்கும், ஸ்டாண்டிங் அரியர் இருக்கிறதா என்று கேட்கும். கவுன்சலரிடம் போனாயா என்று கேட்பதில்லை. அந்தக் கோப்பு பிளேஸ்மென்ட் செல்லுக்குப் போக வேண்டிய அவசியமும் இல்லை. சொல்லப்போனால் தூக்கமில்லாமல் அரியர் தாளை மறுபடி எழுதுவதுதான் உங்கள் பிளேஸ்மென்ட்டுக்கு ஆபத்து.

வருகைப் பதிவையும் பாருங்கள். அண்ணா பல்கலைக்கழக விதிப்படி 75 சதவீதம் வேண்டும், மருத்துவக் காரணம் இருந்தால் 65 வரை சான்றிதழ் காட்டி விலக்கு கேட்கலாம். தன்னாட்சிக் கல்லூரி என்றால் அலுவலகத்தில் விசாரியுங்கள். நோயின் பெயர் இல்லாமல் ‘சிகிச்சையில் இருக்கிறார்’ என்று மட்டும் எழுதித் தர முடியுமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். கிளாஸ் அட்வைசருக்கும் அவ்வளவு போதும்: ‘மேடம், உடம்பு சரியில்லை, டாக்டரைப் பார்க்கிறேன்.’ உங்களைக் கவனித்து அனுப்பியவர் அவர். எதிரியாகப் பார்க்க வேண்டாம். முழுக்கதையும் சொல்லவும் வேண்டாம்.

ஒன்று கேட்காமல் விடக்கூடாது. இந்தத் தூக்கமின்மைக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா? ‘கோட்டாவில் வந்தவள்’ என்று விடுதியில் சீண்டுகிறவர்கள், தவறாக நடக்கிற ஓர் ஆசிரியர்? அப்படி இருந்தால் அது கவுன்சலர் அறையோடு முடிகிற விஷயம் இல்லை, புகார் கொடுக்க வேண்டிய விஷயம். ராகிங் என்றால் தேசிய உதவி எண் 1800-180-5522. பாலியல் தொல்லை என்றால் கல்லூரியின் உள் புகார்க் குழு. அதற்கு மூன்று மாதக் கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள். உங்களை அமைதிப்படுத்தி வகுப்புக்குத் திருப்பி அனுப்புவது மட்டும்தான் தன் வேலை என்று ஒரு கவுன்சலர் நினைத்தால், அவர் நிர்வாகத்துக்கு வேலை பார்க்கிறார்.

கடைசியாக அப்பா. மாப்பிள்ளை பேச்சு வெறும் கற்பனை என்று நான் சொல்ல மாட்டேன், அப்படி நின்றுபோன படிப்புகளைப் பார்த்திருக்கிறேன். அதனால் முதலில் சொல்ல வேண்டியது அப்பாவிடம்தான் என்று கட்டாயம் இல்லை. அம்மாவோ, சித்தியோ, அண்ணனோ, அப்பா யார் பேச்சைக் கேட்பாரோ அவரிடமிருந்து தொடங்குங்கள். ‘மன அழுத்தம்’ என்ற சொல்லை எடுக்காமல், தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, டாக்டரைப் பார்க்கிறேன் என்று சொல்லுங்கள். அது பொய்யும் இல்லை. அப்பாவிடம் பேசும்போது கவுன்சலர் கூட இருந்தால் நல்லது என்று நீங்கள் நினைத்தால், அவரிடம் கேளுங்கள். பல அப்பாக்கள் ஃபோனில் கத்துவார்கள், நேரில் வந்து மகளைப் பார்த்ததும் ‘சாப்பிட்டியா’ என்றுதான் கேட்பார்கள். எல்லா அப்பாவும் இல்லை. உங்கள் அப்பா எப்படி என்று உங்களுக்குத்தான் தெரியும்.

போய் உட்கார்ந்ததும் பேச்சு வராமல் போகலாம், நிறையப் பேருக்கு வராது. எனக்கு எழுதிய இந்தக் கடிதத்தையே ஃபோனில் திறந்து அவரிடம் கொடுத்துவிடுங்கள். அந்த ஒரு வரியை மட்டும் அழித்துவிடாமல்.