கணினிக் கேள்வி–பதில்: பிஜி_ஏஐஓஸ் ஏன் காலியாகவே இருக்கிறது?

கேள்வி: எங்கள் தரவுத்தளத்தை அண்மையில் போஸ்ட்கிரெஸ்கியூஎல் 18-க்கு மாற்றினோம். இதில் வட்டிலிருந்து படிக்கும் வேலை ஒத்திசையா முறையில் (ஒவ்வொரு பக்கத்துக்கும் நின்று காத்திராமல்) நடக்கிறது என்றும், அதை பிஜி_ஏஐஓஸ் என்ற வியூவில் (அட்டவணையைப் போல வினவிப் பார்க்கும் காட்சியில்) காணலாம் என்றும் படித்தேன். ஆனால் எப்போது பார்த்தாலும் அதில் ஒரு வரிகூட இல்லை. படித்தல், எழுதுதல் கணக்குகளைத் தொகுத்துக் காட்டும் பிஜி_ஸ்டாட்_ஐஓ வியூவில் படிக்கும் நேரம் மட்டும் வெகுவாகக் குறைந்துள்ளது. வட்டு வேகமாகிவிட்டதா? — வாசகர், திருப்பூர்

பதில்: வட்டு அதே வட்டுதான், நீங்கள் பார்க்கும் அளவின் பொருள்தான் வேறு. முதலில் காலி வியூவை எடுத்துக்கொள்வோம். அனுமதி இல்லாதிருந்தால் பிழைச் செய்தி வந்திருக்கும் என்பதால், அது காரணமன்று. இந்த வியூ நடந்து முடிந்தவற்றின் பதிவேடு அல்ல. நீங்கள் கேட்கும் அந்த நொடித்துளியில் தயாராகிக்கொண்டோ, நடந்துகொண்டோ, முடிந்துகொண்டோ இருக்கும் செயல்களை மட்டுமே அது காட்டும். மேலும், பதிப்பு 18-இல் ஒத்திசையா முறை படிப்பதற்கு மட்டுமே உண்டு. அதிலும் முழு அட்டவணை வருடல், பிட்மேப் வருடல் (தேவையான பக்கங்களை முதலில் குறித்துக்கொண்டு படிப்பது), வேக்கூம் (பழைய வரிகளை அகற்றும் துப்புரவு) போன்ற வேலைகளுக்குத்தான். சாதாரண இண்டெக்ஸ் வழியாக ஒன்றிரண்டு வரிகளைத் தேடி எடுக்கும் வினவல்கள் பழைய முறையிலேயே படிக்கின்றன. எழுதும் வேலையும் அப்படியே. பில் போடும் மென்பொருளைப் போன்ற பயன்பாட்டில் அந்த வியூ காலியாக இருப்பதே இயல்பு.

சோதித்துப் பார்க்க, நினைவகத்தில் அடங்காத பெரிய அட்டவணை ஒன்றின் வரிகளை ஓர் இணைப்பில் எண்ணச் சொல்லிவிட்டு, மற்றோர் இணைப்பில் வாட்ச் கட்டளையால் அந்த வியூவை நொடிக்குச் சில முறை கேளுங்கள். எந்தச் செயல்முறை கேட்டது, எந்தக் கோப்பின் எந்தப் பக்கங்கள், எத்தனை பைட் என்பவை வரும். நிலையைக் குறிக்கும் ஸ்டேட் பத்தியே இவற்றுள் முக்கியமானது. அதில் ‘சப்மிட்டட்’ என்றிருந்தால் வேலை ஒப்படைக்கப்பட்டுவிட்டது என்று பொருள். வட்டில் படிப்பு தொடங்கிவிட்டது என்று பொருள் அல்ல, ஏனெனில் ஒர்க்கர் முறையில் (ஐஓ ஒர்க்கர் எனும் தனிச் செயல்முறைகள் படித்துத் தரும் முறையில்) வரிசையில் காத்திருக்கும் வேலையும் இதே பெயரில்தான் தெரியும்.

இனி, குறைந்துபோன நேரம். முன்பு வினவலை நடத்தும் செயல்முறையே வட்டிடம் கேட்டு, பக்கம் வரும்வரை நின்றது. ஆகவே படிக்கும் நேரமும் காத்திருந்த நேரமும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தன. இப்போது அது பல பக்கங்களை முன்கூட்டியே கேட்டுவிட்டுக் கைக்கு வந்தவற்றைக் கணக்கிடத் தொடங்குகிறது. நேரத்தை அளக்கச் செய்யும் ட்ராக்_ஐஓ_டைமிங் அமைப்பை இயக்கியபின் பிஜி_ஸ்டாட்_ஐஓவின் படிக்கும் நேரப் பத்தியில் பதிவாவது, பக்கம் இன்னும் வராததால் அச்செயல்முறை காத்திருந்த நேரமே. எனவே பழைய பதிப்பின் எண்ணோடு இதை ஒப்பிட்டு வட்டின் வேகத்தை மதிப்பிடுவது தவறு. (மேலாளரிடம் வரைபடத்தைக் காட்டும்முன் இதை நினைவில் கொள்ளுங்கள்.) வட்டு உண்மையில் எவ்வளவு உழைக்கிறது என்பதை இயக்க முறைமையின் ஐஓஸ்டாட் கருவியில் பாருங்கள்.

ஒவ்வொரு செயல்முறையும் இப்போது என்ன செய்கிறது, எதற்குக் காத்திருக்கிறது என்று காட்டும் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியும் மாறியிருக்கிறது. இயல்பான ஒர்க்கர் முறையில், ‘டேட்டாஃபைல்ரீட்’ என்ற காத்திருப்பு பெரும்பாலும் ஐஓ ஒர்க்கர்களின் பெயரில் தெரியும். வினவலின் செயல்முறையோ ‘ஏஐஓஐஓகம்ப்ளீஷன்’ (வேறொரு செயல்முறை படித்து முடிக்கக் காத்திருத்தல்) என்று காட்டும். பழைய பெயரை மட்டும் தேடும் எச்சரிக்கை நிரல்களைத் திருத்தாவிட்டால், எந்த வினவல் வட்டை வாட்டுகிறது என்பது தெரியாமலே போகும்.

கேள்வி: ஐஓ ஒர்க்கர்களின் எண்ணிக்கையைக் குறிக்கும் ஐஓ_ஒர்க்கர்ஸ் அளவு 3 என்று இருக்கிறது. அதை உயர்த்தலாமா? — அதே வாசகர்

பதில்: பெரிய வருடல்கள் ஓடும் நேரத்தில் மூன்று ஒர்க்கர்களும் ஓயாமல் படித்துக்கொண்டிருக்க, பிஜி_ஏஐஓஸில் ‘சப்மிட்டட்’ வரிகள் குறையாமல் நின்றால் உயர்த்தலாம், உச்ச அளவு 32. இதற்கு அமைப்புக் கோப்பை மீண்டும் படிக்கச் செய்தாலே போதும். படிக்கும் முறையைத் தீர்மானிக்கும் ஐஓ_மெத்தடை ஐஓ_யூரிங் முறைக்கு (இயக்க முறைமையிடமே ஒத்திசையாமல் கேட்பதற்கு) மாற்றுவதானால் சர்வரை நிறுத்தித் தொடங்க வேண்டும். அம்முறை லினக்ஸில் மட்டுமே உண்டு, அதில் ஒர்க்கர்களும் இல்லை. ஐஓஸ்டாட்டில் வட்டு ஏற்கெனவே திணறிக்கொண்டிருந்தால் இரண்டையும் தொடாதீர்கள்.