மடி டியூப்பை மாற்றும் முன் பாலைச் சோதியுங்கள்

கேள்வி: எங்கள் கலப்பினப் பசுவுக்குப் பின் வலது மடி வீங்கி, பால் திரிதிரியாக வந்தது. மருந்துக்கடையில் வாங்கிய மடி டியூப்பை (காம்புத் துளை வழியே ஏற்றும் மருந்து) இரண்டு நாள் ஏற்றியதும் பால் தெளிந்தது, விட்டுவிட்டோம். பதினைந்தாம் நாள் நோய் திரும்பியது. இப்போது அதே டியூப் கேட்கவில்லை. இன்னும் வீரியமான மருந்து எது? அந்தப் பாலைக் கன்றுக்கு ஊட்டலாமா? (கோபிசெட்டிபாளையம் வாசகர்)

பதில்: அடுத்த டியூப்பை வாங்காதீர்கள். எந்தக் கிருமி, அதற்கு எந்த மருந்து கேட்கும் என்று தெரியாமல் வீரியத்தைக் கூட்டுவதால்தான் இந்த மடிநோய் முற்றுகிறது. பால் தெளிந்தால் வீக்கம் தணிந்திருக்கிறது, அவ்வளவுதான். ஸ்டெபைலோகாக்கஸ் ஆரியஸ் போன்ற கிருமி மடித் தசைக்குள் சிறு சீழ்க்கட்டிகளாகப் பதுங்கும். அங்கே மருந்து சரியாக எட்டாது. பென்சிலினை உடைக்கும் நொதியைச் சுரப்பவையும் அதில் உண்டு. அரைகுறை மருந்தில் நோஞ்சான் கிருமிகள் செத்து, தாங்குகிறவை மிஞ்சிப் பெருகும்.

பால் மாதிரியை நீங்களே எடுக்கலாம். காலைக் கறவைக்கு முன் காம்பைக் கழுவி ஈரம் போகத் துடையுங்கள். 70 சதவீத ஆல்கஹால் நனைத்த பஞ்சால் காம்பு நுனியை, பஞ்சில் அழுக்கு ஒட்டாமல் போகும் வரை துடைக்க வேண்டும். முதல் மூன்று நான்கு பீச்சுப் பாலைத் தனிக் கிண்ணத்தில் கழித்துவிட்டு, கிருமி நீக்கிய குப்பியைச் சாய்த்துப் பிடித்து 5 முதல் 10 மில்லி பீச்சுங்கள். மூடியின் உட்புறம் விரல் படக் கூடாது. ஒரு துளி சாணித் தூசி விழுந்தாலும் ஆய்வகத்தில் அதிலுள்ள கிருமிதான் வளரும். ஐஸ் டப்பாவில் வைத்து அன்றே நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ, உங்கள் மருத்துவர் சொல்லும் ஆய்வகத்துக்கோ கொண்டுபோங்கள். முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். கடைசியாக டியூப் ஏற்றிய தேதியைக் கட்டாயம் சொல்லுங்கள். மருந்து மடியில் இருக்கும்போது எடுத்த பாலில் கிருமி வளராமலே போகலாம்.

காய்ச்சல் அடித்து, தீனி எடுக்காமல், பால் தண்ணீராக வந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள். ஈ.கோலை வகை மடிநோய் ஒரே நாளில் மாட்டைச் சாய்த்துவிடும். உடனே மருத்துவரை அழையுங்கள்.

கன்றுக்கு அந்தப் பால் வேண்டவே வேண்டாம். மருந்து கலந்த பாலைக் குடிக்கும் கன்றின் குடலில் மருந்தை எதிர்க்கும் கிருமிகள் தேறி, சாணத்தோடு கட்டுத்தரை முழுக்கப் பரவும். பால் சொசைட்டிக்கும் ஊற்றாதீர்கள். ஒரு காம்பில் ஏற்றினாலும் மருந்து ரத்தத்தில் கலப்பதால் நான்கு காம்புப் பாலையும் கழிக்க வேண்டும். எத்தனை நாள் பாலைக் கழிக்க வேண்டும் என்று லேபிளில் போட்டிருக்கிறதோ, அத்தனை நாள் கழியுங்கள். நாள் போடாத மருந்தானால் விதிப்படி 7 நாளுக்குக் குறையக் கூடாது. காய்ச்சினால் மருந்து போய்விடும் என்று நம்பாதீர்கள். குழி வெட்டி ஊற்றுங்கள், வாய்க்காலில் விடாதீர்கள்.

மற்ற மாடுகளையும் பாருங்கள். 100 மில்லி தண்ணீரில் 3 கிராம் சோப்புத்தூள் கரைத்து, ஒவ்வொரு காம்புப் பாலோடும் சம அளவு சேர்த்துச் சுழற்றினால், வெளியே தெரியாத உள்நோய் உள்ள பால் கூழாகத் திரளும். அந்த மாட்டைக் கடைசியில் கறங்கள். கறந்ததும் காம்பு நுனியை, 0.5 சதவீத அயோடின் உள்ள காம்பு முக்கு மருந்தில் முக்கி எடுத்துவிட்டு, சோளத்தட்டு போட்டுவிடுங்கள். தரையில் படுக்காமல் தின்றபடி நிற்கும் அரை மணி நேரத்தில் காம்புத் துளை மூடிக்கொள்ளும்.