சக்கர் மீனின் கிழிந்த வால்

கேள்வி: எங்கள் இரண்டரை அடித் தொட்டியில் பிரிஸல்நோஸ் சக்கர் இரண்டு இருக்கின்றன. சின்னதின் வால் கிழிந்து, விலாவும் வெள்ளையாகச் சிராய்ந்திருக்கிறது. வருத்தமா? நீல மருந்து விடலாமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: வருத்தமாகத் தெரியவில்லை, சண்டைக் காயம். இரண்டின் மூக்கையும் பாருங்கள். மூக்கின் நடுவரை கிளைவிட்ட மீசைக் கொத்து இருந்தால் அது ஆண். ஆண் ஒரு பொந்தைப் பிடித்து வைத்திருக்கும். பெண் இடும் முட்டைகளை அங்கே காப்பதும் அதுதான். இன்னோர் ஆண் வாசலுக்கு வந்தால், கன்னத்தில் மடிந்திருக்கும் கொக்கி முட்களை விரித்து இடிக்கும். தோற்றது திரும்பி ஓடுகையில் வாலும் விலாவும் அகப்படும்.

கிழிவு சிவக்காமல் சுத்தமாக இருந்தால் மருந்து வேண்டாம். மெதிலீன் நீலம் ஃபில்டரிலுள்ள நல்ல பக்டீரியாவைக் கெடுக்கும். செம்பு கலந்த மருந்தை இந்த மீன் தாங்காது. ஒன்றுவிட்ட ஒரு நாள் கால்பங்குத் தண்ணீரை மாற்றுங்கள். கொழும்புக் குழாய்த் தண்ணீரில் குளோரின் உண்டு. வாளியில் பிடித்து ஆன்டி குளோரின் விட்ட பிறகே ஊற்ற வேண்டும். தண்ணீர் 30 பாகையைத் தாண்டினால் ஒட்சிசன் குறையும், எயர் பம்ப் இரவிலும் ஓடட்டும். சில நாளில் கிழிந்த ஓரத்தில் நிறமில்லாத மெல்லிய சவ்வு தெரியும். அது புதுச் செட்டை. பூஞ்சை என்று பயந்து பலர் அப்போதுதான் மருந்தைக் கொட்டுகிறார்கள்! பூஞ்சை என்றால் பஞ்சு போலப் புசுபுசுவென்று நிற்கும். அப்படி வந்தாலோ, ஓரம் சிவந்து உள்நோக்கி அரித்தாலோ தனித்தொட்டியில் வைத்து மருந்து கொடுங்கள். வலையில் கன்ன முட்கள் சிக்கும், கிண்ணத்தால் அள்ளுங்கள்.

பொந்துகளைச் சரிசெய்யாவிட்டால் மறுபடி கிழியும். ஒரு முனை அடைத்த பீ.வீ.சீ. குழாய் மூன்று போடுங்கள். மீன் நுழையும்போது செட்டை சுவரில் உரசும் அகலம் போதும். அகலம் கூடினால் இரண்டும் உள்ளே போய்விடும். பெரியது வாசலை அடைத்தால் சின்னதற்குத் தப்ப வழியில்லை. குழாய்களை விலக்கி, வாசல்கள் ஒன்றையொன்று பாராதபடி வையுங்கள். கட்டை, கற்களையும் இடம் மாற்றினால் பழைய எல்லை இரண்டுக்கும் குழம்பும். லைட்டை அணைத்த பிறகு தீனியை இரண்டு மூலையிலும் போடுங்கள். இரண்டு வாரத்திலும் துரத்தல் ஓயாவிட்டால் ஒன்றைக் கடையில் திருப்பிக் கொடுப்பதே நல்லது. தயவுசெய்து தியவன்னா ஏரியில் விடாதீர்கள்.

கேள்வி: கொரிடோராஸின் மீசை குட்டையாகிறது. மற்ற மீன் கடிக்கிறதா?
– வாசகர், தெஹிவளை

பதில்: பெரும்பாலும் இல்லை. அடியில் மக்கும் தீனியில் பெருகும் பக்டீரியாதான் மீசையை அரிக்கும். கூரான கல் இன்னும் மோசமாக்கும். கழுவிய மென்மணல் போட்டு, வாராவாரம் அடிக்கசடை உறிஞ்சி எடுங்கள். மீசையின் அடி அழுகாமலிருந்தால் திரும்ப வளரும்.