அப்பாவின் ட்ரோபோனின் 0.02-லிருந்து 38 ஆனது ஏன்?

வணக்கம். நெஞ்சு இறுக்கத்தோடு வந்த தங்கள் தந்தைக்குக் மாரடைப்பை அறிய உதவும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையில் கோபியில் 0.02 என்றும், ஈரோட்டில் 38 என்றும் வந்திருப்பதைக் கண்டு கலங்கி எழுதியிருக்கிறீர்கள்.

முதலில் அலகைப் பாருங்கள். கோபி அறிக்கை மில்லிலிட்டருக்கு இத்தனை நானோகிராம் என்கிறது. ஈரோட்டு அறிக்கை லிட்டருக்கு என்கிறது. ஒரே அலகில் வைத்தால் 0.02 என்பது 20 ஆகும். அப்போதும் அந்த 20-ஐயும் 38-ஐயும் ஒப்பிட வேண்டாம். கருவிக்குக் கருவி அளவீடும் இயல்பு வரம்பும் மாறும்.

ட்ரோபோனின் இதயத் தசையில் உள்ள புரதம். தசை சேதமடைந்த பிறகு அது ரத்தத்தில் உயரச் சில மணி நேரம் பிடிக்கும் என்பதால், வலி தொடங்கியவுடன் எடுத்த ஒற்றை முடிவை நம்பி மாரடைப்பு இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஈரோட்டு மருத்துவர் அதே ஆய்வகத்தில் மூன்று மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் எடுக்கச் சொன்னது மிகச் சரி. அந்த ஏற்ற இறக்கமும் இசிஜியும் சேர்ந்துதான் நோயைச் சொல்லும்.

தந்தைக்குச் சிறுநீரகத்தின் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் அளவு 2.1 என்கிறீர்கள்; இது இயல்பைவிட அதிகம். நாள்பட்ட சிறுநீரக நோயில் மாரடைப்பு இல்லாமலும் ட்ரோபோனின் உயர்ந்தே நிற்கலாம். பழைய அறிக்கைகள் இருந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். மறுபடி எடுக்கும் ரத்தத்தின் முடிவு வரும் முன் தயவுசெய்து அவரை வீட்டுக்கு அழைத்துச் செல்லாதீர்கள்.